காற்றுக்கு இரக்கம் கிடையாது

தயாளினியிடம் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று இருந்தது. புதுக்குடியிருப்பில் அவள் விஞ்ஞானம் படிப்பித்த ரியூசன் கொட்டிலில், யாரோ விட்டுவிட்டுப் போன பழைய புத்தகங்களுக்குள் கிடந்தது. சனிக்கோளைச் சுற்றும் பழுதான விண்கலமொன்றில் தனியே அகப்பட்ட ஒருவனின் கதை. அவன் விடுகிற மூச்சில் இருக்கும் காபனீரொட்சைட்டை அகற்றும் கருவி நின்றுபோகிறது. ஒட்சிசன் மிச்சம் இருக்கும்போதே தன் மூச்சே தன்னைக் கொல்லப்போகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. கலத்தின் வெயில் படாத பக்கத்துக்குக் குழாயொன்றை இழுத்து, அந்தக் குளிரில் வாயுவை உறையவைத்துப் பிரிக்கிறான்.

அந்த இடம் வந்தபோது தயாளினி புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. எழுதியவர் ஏமாற்றவில்லை. பின்னுக்கு ஓரிடத்தில் மட்டும் பிழைவிட்டிருந்தார். அது அவளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் பொய் சொல்லிப் பிடிபட்டதுபோல இரண்டு நாளாக மனதை அரித்தது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அவளுடைய பல்கலைக்கழகப் படிப்பு நடுவில் நின்றது. வன்னிக்கு வந்து ஜனகனைக் கலியாணம் கட்டினாள். ஜனகன் சிறுநீரக வருத்தத்துக்கு மருந்தெடுக்க வவுனியாவுக்குப் போனவன், பாதை மூடப்பட்டதால் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றான். இங்கிருந்து அவள் போகவும் பாஸ் என்ற பயண அனுமதி கிடைக்கவில்லை. அதனால் ஜனகனின் தமக்கை பிரேமிளாவோடு இருந்தாள். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. பஞ்சுத்திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு எண்ணெயை எரித்து அவள் நாவலை மூன்றாம் முறை வாசிப்பதைப் பார்க்கப் பிரேமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சோத்துக்கு வழியில்லை. நீ சனிக்கிரகத்திலை குடித்தனம் நடத்திறாய்."

"எண்ணெய் தீரமுன்னம் அணைச்சுப்போடுவன் மச்சாள்."

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒரு மத்தியானம் கிபிர் குண்டுவிமானம் வந்தது. இரண்டு பேரும் வளவு மூலையில் இருந்த பங்கருக்குள் குதித்தார்கள். பனங்குற்றிகளை மேலே அடுக்கி மண் போட்ட, ஒரே வாசல் வைத்த பதுங்குகுழி. முதல் குண்டு தூரத்தில் விழுந்தது. இரண்டாவது விழுந்த சத்தம் அவர்களுக்குக் கேட்கவே இல்லை. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. வாசற்படி இருந்த பக்கம் பொலபொலவென்று சரிந்து, அதற்கு மேல் ஏதோ பாரமாக விழுந்தது. பிறகு இருட்டு.

வாய் நிறைய மண். பிரேமிளா இருமினாள், பிறகு கத்தினாள். அருகில் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் சரிந்த மண்ணை இரண்டு கையாலும் விறாண்டத் தொடங்கினாள். எடுக்க எடுக்க மேலேயிருந்து இன்னும் கொட்டியது.

"மச்சாள், நிப்பாட்டுங்கோ! குற்றியும் சேந்து வந்திடும்."

"விளக்கு எங்கை? நெருப்புப்பெட்டி எங்கை?"

"வேண்டாம். விளக்கு கொளுத்தினா அதுவும் காத்தைத்தான் தின்னும்."

"இருட்டிலை சாகச் சொல்லுறியோ?"

பிரேமிளாவின் கை நெருப்புப்பெட்டியைத் தேடித் துழாவியது. தயாளினி அந்தக் கையைப் பிடித்தாள். பிரேமிளா உதறி, கன்னத்தில் அறைந்தாள். தயாளினி விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூத்தவளின் உடல் தளர்ந்து அவள் தோளில் சாய்ந்தது. இரண்டு இருதயங்களும் அடிப்பது ஒன்றாகக் கேட்டது.

தயாளினி பயப்படாமல் இல்லை. பங்கரின் நீளத்தையும் அகலத்தையும் மனம் தன்பாட்டில் பெருக்கிப் பார்த்தது. வந்த விடையை அவள் மச்சாளுக்குச் சொல்லவில்லை.

"உந்தப் புத்தகத்திலை உள்ளவன் இப்பிடித்தான் கிடந்தவனோ?" என்று பிரேமிளா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஓம். இப்பிடித்தான்."

"அதை ஏன் விரும்பி வாசிக்கிறாய்? உனக்கு விசரோ?"

"மெதுவாக் கதையுங்கோ, மூச்சு செலவழியும்." தயாளினி குரலைத் தாழ்த்தினாள். "அதிலை ஒருத்தரும் வந்து காப்பாத்த மாட்டினம். அவன் நல்லவன் எண்டு காத்து இரக்கப்படாது. ஆனா வஞ்சகமும் செய்யாது. சரியாச் செய்தா மூச்சு வரும், பிழையாச் செய்தா வராது. அவ்வளவுதான். இஞ்சை எங்களுக்கு நடக்கிற ஒண்டிலையாவது அப்பிடியொரு நியாயம் இருக்கோ?"

பிரேமிளா தலையை நிமிர்த்தி, "முதல் அவன் என்ன செய்தவன்?" என்றாள்.

"கையிலை என்ன இருக்கெண்டு பாத்தவன்."

அவர்களிடம் ஒரு கான் தண்ணீர் இருந்தது. மடித்து வைத்த சாக்கு, விளக்கு, அடையாள அட்டைகள் போட்ட பை. அந்தப் பையைத் தொங்கவிடக் குற்றிகளுக்கு இடையில் செருகியிருந்த நீண்ட காட்டுத்தடியில் தயாளினியின் கை பட்டது. இழுத்தால் கூரை இளகலாம். இழுக்காவிட்டால் வேறொன்றும் இல்லை.

"மச்சாள், அந்த மூலைக்குப் போய்த் தலையை மூடிக்கொண்டு இருங்கோ."

"நீ?"

"நான் இழுக்கப்போறன்."

பிரேமிளா மூலைக்குப் போகவில்லை. எழுந்து வந்து, தலைக்கு மேலிருந்த குற்றிக்குத் தன் முதுகால் முட்டுக்கொடுத்தாள். தடி முனகிக்கொண்டு வந்தது. கழுத்துக்குள் மண் கொட்டியது. குற்றி அசைந்தது, நின்றது.

வாசல் பக்க மண்மேட்டின் உச்சியில், குற்றிக்குக் கீழே, தயாளினி தடியைச் செருகினாள். தள்ளித் திருகி, இழுத்து, மறுபடி தள்ளினாள். தலை இடித்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கை சோர்ந்தபோது பிரேமிளா வாங்கிக்கொண்டாள். யார் எவ்வளவு நேரம் தள்ளினார்கள் என்று பிறகு இருவருக்கும் நினைவில்லை. திடீரென்று தடி எதிர்ப்பே இல்லாமல் வெளியே போனது. இழுத்ததும் விரலளவு வெளிச்சம் வந்தது. இரண்டு பேரும் முகத்தோடு முகம் ஒட்டி, அந்த ஓட்டையில் வாயை வைத்து மூச்சிழுத்தார்கள். புகையும் எரிந்த ஓலையும் மணத்த காற்று. தயாளினி அதுவரை அவ்வளவு சுகமான காற்றைக் குடித்ததில்லை.

பிரேமிளா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தடியில் கட்டி, வெளியே நீட்டி ஆட்டினாள். அடுத்த வளவில் இருந்த, முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக்காரர் அருளப்பு அதைக் கண்டார்.

"உயிரோடைதான் இருக்கினம்! ஓடியாங்கோ!"

பாறி விழுந்த தென்னையை வாளால் அரிந்து அகற்றி, மண்வெட்டியால் தோண்டி இருவரையும் வெளியே தூக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர்களுடைய குசினியும் பாதி வீடும் எரிந்துபோயிருந்தன. அருளப்புவின் மனைவி இராசாத்தி ஊற்றிய தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வேலியோரம் குந்தினார்கள்.

"அவன் வெளியிலை வந்தாப்பிறகு எங்கை போனவன்?" என்று பிரேமிளா கேட்டாள்.

"வேறை கப்பல் வந்து ஏத்திக்கொண்டு போனது. வீட்டை போய்ச் சேந்திட்டான்."

பிரேமிளா தலையாட்டினாள். தயாளினி தெருவைப் பார்த்தாள். அது வவுனியாப் பக்கம் போகிற தெரு. போகப்போக எங்கோ ஓரிடத்தில் மண் அணையும் கண்ணிவெடியும் மறித்து நிற்கிற தெரு. வெளியே வந்துவிட்டோம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. பிரேமிளா தடுக்கவில்லை, தான் அறைந்த கன்னத்திலிருந்த மண்ணை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

விடிந்ததும் அருளப்புவிடம் மண்வெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு, பங்கரின் மற்றப் பக்கம் இன்னொரு வாசல் வெட்டத் தொடங்கினார்கள். தயாளினி வெட்ட, பிரேமிளா பனையோலைக் கடகத்தில் மண் அள்ளினாள். இடையிடையே நிமிர்ந்து, சனிக்கிரகத்துக்காரன் அந்தக் குழாயை எப்படிப் பொருத்தினான் என்று விபரமாகக் கேட்டாள். விளங்காத இடத்தில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.