ஆறு சிலிண்டரும் சுப்பம்மாளின் உள்ளங்கையும்

அருப்புக்கோட்டை பைபாஸ் ஓரம் பழைய கார் வியாபாரம் செய்யும் ரோஷினிக்கு அந்த நீலக் கார் மேல் கொள்ளை ஆசை. ஆறு சிலிண்டரையும் வரிசையாக நிறுத்த இடம் வேண்டுமென்றே பானெட்டை அத்தனை நீளமாக இழுத்திருந்தார்கள். கணவன் காசிராஜன் தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேளாமல் ஏலத்தில் எடுத்து வந்தாள். மாதங்கள் ஓடின. இளவட்டங்கள் வந்தார்கள், உறுமவிட்டு வீடியோ எடுத்தார்கள், மைலேஜைக் கேட்டதும் கம்பி நீட்டினார்கள்.

"இந்த மாசம் போகலைன்னா வந்த வெலைக்குத் தள்ளிருவோம். இனிமே மூணு சிலிண்டர் வண்டிதான். வண்டி பாத்து எடுக்கிறதும் நான்தான்," என்றான் காசிராஜன் கறாராக. நஷ்டம்கூடப் பெரிதில்லை, தனக்கு வண்டி பார்க்கத் தெரியாது என்றாகிவிடுமே என்பதுதான் ரோஷினிக்குக் கவலை.

அன்று விசைத்தறிக்கூடம் நடத்தும் சுப்பம்மாள் வந்தார். தறிச்சத்தம் அவர் காதைப் பாதி தின்றிருந்தது. மைலேஜ் பார்த்து அவர் மருமகன் சொல்லியனுப்பிய மூன்று சிலிண்டர் வண்டியைக் காசிராஜன் ஸ்டார்ட் செய்தான். தறியைச் சோதிப்பதுபோல அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"என்னய்யா, இப்படி உதறுது? தறிகிட்ட உதறுறது பத்தாதா எனக்கு?"

அதற்குள் ரோஷினி ஓடிப்போய் நீலக் காரை ஸ்டார்ட் செய்திருந்தாள். சுப்பம்மாள் அதிலும் கைவைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு தாயி."

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு!"

அவர் நம்பவில்லை. கையை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"ஆறு இருக்கும்மா! ஒண்ணோட உதறலை இன்னொண்ணு அமத்திரும்!" என்று கத்தினாள் ரோஷினி. இத்தனை நாளும் சத்தத்தைக் காட்டியே விற்கப் பார்த்தோமே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

பரளச்சி ரோட்டில் சுப்பம்மாளே ஓட்டினார். ஆள் நடமாட்டமில்லாத கரிசல்காட்டு நடுவே ஆக்சிலரேட்டரை ஓங்கி ஒரு மிதி. ரோஷினி சீட்டோடு ஒட்டிக்கொண்டாள். சுப்பம்மாளோ ராட்டினம் ஏறிய பிள்ளைபோலச் சிரித்தார்.

திரும்பி வந்து இறங்கியதும் கேட்டார்: "லிட்டருக்கு எம்புட்டு குடுக்கும்?"

ரோஷினிக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஏழும்மா."

"என்னது?"

"ஏழு!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்தது என்று காசிராஜன் தலையில் கைவைத்தான்.

சுப்பம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எம் மருமவன் போன் பண்ணுவான். அவன்கிட்ட பதினேழுன்னு சொல்லிரு தாயி."