ஆம்புலன்ஸின் ஆறு சக்கரங்கள்

தெற்கு டகோட்டாவில் ரெட்லிங் என்கிற சிற்றூரை எட்ட மூன்று மைல் இருக்கும்போது ஆரின் கிராட்ஸின் வீட்டுவண்டியில் பின்பக்க டயர் ஒன்று வெடித்தது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் என்பதால் வண்டி சாயவில்லை. ஆனால் அலமாரி திறந்து தட்டுகளெல்லாம் தரையில் கொட்டின. ஆரின் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டெல்ஃபின் உடைந்ததையும் உடையாததையும் பிரித்து வைத்தாள்.

கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் ஒரே கூரைக்குள் அடங்கிய அந்த வண்டிக்கு வயது நாற்பத்து நான்கு. வீட்டை விற்றுவிட்டு இருவரும் அதில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வடக்கே சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில் சர்க்கரை ஆலைக்கான பீட் கிழங்கு அறுவடைக்குப் போய் எடைமேடையில் வேலை செய்வார்கள். இந்த முறை வேலை தொடங்கப் பத்து நாள் இருந்தது.

ரெட்லிங்கில் டயர் கடை வைத்திருந்த லோவல் ஐம்பது வயதுக்காரர், நிதானமான ஆள். குனிந்து நிமிர்ந்து எல்லா டயர்களையும் பார்த்தார். பக்கவாட்டு ரப்பரெல்லாம் வற்றிய குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது.

“வெடிச்சது ஒண்ணுதான். மிச்ச அஞ்சும் வரிசைல நிக்குது,” என்றார்.

டயர் உட்காரும் இரும்பு வளையம், வண்டியின் ரிம், பதினாறரை இஞ்ச். அந்த அளவு டயர் தயாரிப்பது நின்று பல வருடமாகிறது, ரிம்களையே மாற்றினால்தான் வழி என்று லோவல் விளக்கினார். ஆரினுக்கு அது பிடிக்கவில்லை. பதினாறு இஞ்ச் டயரையே ஏற்றிப் பார்க்கச் சொன்னார். அரை இஞ்ச்தானே என்றார். லோவல் மேலே கை காட்டினார். கடையின் தகரக் கூரையில் ஓரிடத்தில் வட்டமாக ஒட்டுப்போட்டிருந்தது.

“அப்படி ஏத்தி காத்தடிச்சது என் மச்சான். டயர் வெடிச்சு ரிம் மேல பறந்துச்சு. தலை கொஞ்சம் தள்ளி இருந்ததால இன்னும் மச்சானா இருக்கான்.”

அடுத்த மூன்று நாளும் டெல்ஃபின் பொருந்துகிற ரிம் தேடித் தொலைபேசியோடு கிடந்தாள். பழைய வண்டி உடைக்கிற இடங்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. நான்காம் நாள் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: அறுபது மைலில் ஒரு பண்ணை, பதினாறரை இஞ்ச் டயர் ஆறு, ரோட்டையே தொடாதவை.

லோவலின் லாரியை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். டயர்கள் கன்னங்கரேலென்று மின்னின. காகித ஒட்டுகூட அப்படியே இருந்தது. ஆரினின் முகம் மலர்ந்தது. டெல்ஃபின் மண்டியிட்டு ரப்பரில் குத்தியிருந்த எண்களை விரலால் தடவிப் படித்தாள். தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் எண் அங்கே இருக்கும். அதில் மூன்றே இலக்கம் இருந்தது.

“ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்ததுன்னா நாலு இருக்கும். இது நம்ம மக ஹாரியட் பள்ளிக்கூடம் போன காலத்து டயர், ஆரின்.”

“உள்ளயேதான இருந்திருக்கு. வெயில் படல. நானூறு மைல்தான், அது தாங்கும்.”

“தாங்கும்னு நீ சொல்ற. டயர் சொல்லணும்.”

டயர்களை வாங்காமல் திரும்பும் வழியெல்லாம் அவர் எரிச்சலோடு லாரியை ஓட்டினார். அவள் சொன்னது சரி என்பது அவருக்குத் தெரியும். எரிச்சல் டயர் மேல் இல்லை. நான்கு வருடமாக அந்த எண்களைக் குனிந்து பார்க்காமல் ஓட்டியவர் அவர்தான்.

லோவலுக்கு ஆம்புலன்ஸின் நினைவு வந்தது அன்று மாலைதான். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஓடாத ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறு. எட்டு போல்ட், பதினாறு இஞ்ச். லோவல் அளவு நாடாவோடு அதன் அடியில் புகுந்து வந்து, போல்ட் இடைவெளியும் பொருந்துகிறது, நடுத் துளையும் பொருந்துகிறது என்றார்.

நிலையத்தின் தலைவி ட்வைலா அதைச் சனிக்கிழமை மீட்புப் பயிற்சிக்காக ஒதுக்கி வைத்திருந்தாள். அதைக் கவிழ்த்து, வெட்டித் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டவரை வெளியே எடுத்துப் பழக வேண்டும். சக்கரங்கள் அவளுக்கு வேண்டாம். அவளுடைய கவலை வேறு: அடிபட்டவராக நடிக்க இருந்த பெண் தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

“நான் படுக்கறேன்,” என்றாள் டெல்ஃபின். “முப்பத்தேழு வருஷமா இந்த ஆள் ஓட்டற வண்டில உக்காந்திருக்கேன். எனக்கு ஒத்திகை வேண்டாம்.”

சனிக்கிழமை காலை லோவல் ஆறு சக்கரங்களையும் கழற்றிக்கொண்டார். ஒரு டிராக்டர் ஆம்புலன்ஸை இழுத்துப் பக்கவாட்டில் சாய்த்தது. டெல்ஃபினுக்கு நெற்றியில் சிவப்புச் சாயம் பூசி, தலைக்கவசம் மாட்டி, போர்வை சுற்றி உள்ளே படுக்க வைத்தார்கள். நினைவிழந்தவளாக நடிக்க வேண்டும், கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்று ட்வைலா சொல்லியிருந்தாள்.

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், அந்த வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தபடி ஆரின் நின்றார். தகரத்தை அறுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. சத்தம் நின்றதும் ஓர் இளைஞன் உள்ளே தலையை நீட்டிக் கேட்டான்: “அம்மா, கேக்குதா? உங்க பேர் என்ன?”

பதில் இல்லை. அவன் மறுபடி கேட்டான். அப்போதும் இல்லை.

நடிப்பு என்று ஆரினுக்குத் தெரியும். ஆனால் டெல்ஃபினிடம் ஒன்று கேட்டுப் பதில் வராமல் இருந்து அவர் பார்த்ததில்லை. ரெட்லிங்குக்கு மூன்று மைல் முன்னால் வெடித்தது முன் டயராக இருந்திருந்தால்? அவர் கயிற்றைத் தூக்கிக் குனிந்தார். ட்வைலா அவர் தோளில் கை வைத்தும் நிற்கவில்லை. அறுத்த இடத்தில் முகத்தை வைத்து, “டெல்,” என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

உள்ளேயிருந்து மெல்ல வந்தது: “போ அந்தப் பக்கம். நான் மயக்கமா இருக்கேன். பசங்களுக்கு மார்க் போயிடும்.”

அந்த இளைஞன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளைக் கிடத்தித் தூக்கும் பலகையை உள்ளே தள்ளினான். ஆரின் பின்னுக்கு நகர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் எவரிடமும் மறைக்கவில்லை.

மதியம் லோவல் சக்கரங்களைத் துரு நீங்கத் தேய்த்தபோது ஒன்றில் போல்ட் துளையை ஒட்டி முடியளவு விரிசல் தெரிந்தது. அவர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஐந்தால் வண்டி ஓடாது. டெல்ஃபின் சாயம் கழுவாத நெற்றியோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.

“பொறு,” என்றார் ஆரின். காலையில் அத்தனை நேரம் அவர் பார்த்துக்கொண்டு நின்றது அந்த ஆம்புலன்ஸின் அடிவயிறு. பின் முனையில், சேறு மூடி, உபரிச் சக்கரம் ஒன்று சங்கிலியில் கட்டியிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை வருடத்தில் ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை. லோவல் இரும்புக்கம்பியால் சங்கிலியை நெம்பி எடுத்துத் தேய்த்தார்; வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஓடவே இல்ல. கன்னி கழியாத ரிம்,” என்றார்.

புது டயர்கள் திங்கட்கிழமை வந்தன. ஆறிலும் தயாரித்த தேதியை ஆரினே குனிந்து உரக்கப் படித்தார், ஒரு பையன் பாடம் ஒப்பிப்பதுபோல. எல்லாம் இந்த வருடக் கோடையில் செய்தவை. லோவல் ஏற்றிக் காற்றடித்தார். ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

செவ்வாய்க் காலை கிளம்பினார்கள். ஐம்பதாவது மைலில், சூரியகாந்தி வயல் ஒன்றின் ஓரம் ஆரின் வண்டியை நிறுத்தினார். இடுப்பு வலிக்க வலிக்க ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்தார். டெல்ஃபின் ஸ்பானரை நீட்டியபடி கூடவே நடந்தாள். தளர்ந்திருக்கிறதா என்று கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் கால் சுத்து. மத்ததெல்லாம் அசையல.”

“அப்ப ஓட்டு. நாளன்னைக்குத்தான் வேலை, அவசரமே இல்ல.”

வழியில் இரண்டு ஊர்களில் நின்றார்கள்; ஒன்றில் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் தின்றார்கள், இன்னொன்றில் புதுத் தட்டுகள் வாங்கினார்கள். மறுநாள் மாலை பள்ளத்தாக்கில் கிழங்கு லாரிகளின் முதல் வரிசை கண்ணில் பட்டது.