திங்கட்கிழமைக்கு ரெட்டைக் கூலி

கொத்தனார்கள் திங்கட்கிழமை மட்டம் போட்டால் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள் என்று ஊரே சொல்லும். என் வீட்டுக்காரர் தமிழ்மணி மட்டம் போட்டது எனக்காக. கடலூரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஞாயிறுதான் கூட்டம் நெரியும். எனக்கு லீவு திங்கட்கிழமை. சிதம்பரத்தில் கட்டட வேலைக்குத் தங்கியிருக்கும் அவர் சனி இரவு வருவார், திங்களைக் கழித்துவிட்டுத்தான் போவார். அந்த ஒரு நாள்தான் எங்கள் குடித்தனம்.

அதிலும் கண் வைத்தார் மேஸ்திரி பாலகுமார். திங்கட்கிழமை வரும் கொத்தனாருக்கு ரெட்டைக் கூலி என்றார். மட்டம் போட்டவர்களெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். விட யாருக்கு மனசு வரும்? நானும் போ என்றுதான் சொன்னேன். ஞாயிறு சாயங்காலமே அவர் பஸ் ஏறிவிடுவார். நான் கடையிலிருந்து வரும்போது கொடியில் அவருடைய ஈரத் துண்டு மட்டும் தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், இதில் வெட்கமென்ன.

கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை சோறும் சங்கரா மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய்விட்டேன்.

அங்கே கொத்தனார்கள் கரண்டியும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கலவை தூக்கித் தர ஒரு சித்தாள் இல்லை. ரெட்டைக் கூலி கொத்தனாருக்கு மட்டும்தானாம். அந்தக் கோபத்தில் சித்தாள் பெண்கள் எல்லாரும் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். மணல் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். "இன்னிக்கி வேல நடக்காது சத்யா, ஒண்ணா ஊருக்குப் போயிடலாம். இப்புடியே போனா ரெட்டக் கூலிய நிறுத்திடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை திரும்பி வரப்போகிறது!

அப்போது மேஸ்திரி வந்தார். "இந்தப் பொம்பளைங்களுக்குப் பொறுப்பே இல்லம்மா. ஒருத்தியும் வரல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பொறுப்புக்கு என்னா கொறச்சல்? அவுங்களுந்தான் இடுப்பொடியத் தூக்குறாங்க. அவுங்களுக்கும் டபுளா குடுத்துப் பாருங்க, ஒருத்தி மட்டம் போடமாட்டா!"

இவர் என் காலை மிதித்தார். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன். மேஸ்திரி சும்மா உட்கார்ந்திருந்த கொத்தனார்களை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் சரிதாம்மா" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை போன் செய்தேன். கலவை மெஷின் சத்தம், அதற்கு மேல் பெண்களின் பேச்சு.

"எல்லாரும் வந்துட்டாங்க சத்யா! உன்னத்தான் வாழ்த்துறாங்க" என்று கத்தினார்.

நான் சொன்னதில் தப்பில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"மாமா, ஒரு நாளு மட்டம் போட்டுட்டு வாயேன்."

சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. "என்னா? என்னா சொல்ற?"

"ஒண்ணுமில்ல மாமா. வேலையப் பாரு."