சிலமலையில் காய்ச்சல் இல்லை

"அக்கா, உங்க சிலமலையில காய்ச்சல் கூடுதுன்னு நெனைக்கிறேன். கடைகள்ல காய்ச்சல் மாத்திரை விக்கிறது திடீர்னு ஏறியிருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

பொற்கொடி போனில் சொல்லி முடிக்கும் முன்பே சந்திரவல்லிக்கு வயிறு எரிந்தது.

"என் ஊர்ல காய்ச்சல்னா எனக்குத் தெரியாதா?"

இருவரும் ஒன்றாக நர்ஸ் பயிற்சி முடித்தவர்கள். பொற்கொடி இன்று போடி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நோய்க்கணக்குப் பார்க்கிறாள். போன மழைக்கு வாந்திபேதியை முன்கூட்டியே கண்டுபிடித்தாள் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். சந்திரவல்லியும் தட்டினாள், தன் முகத்தை யாரும் படித்துவிடக் கூடாதென்று உள்ளங்கை வலிக்கத் தட்டினாள். ஆனால் சிலமலைக்குக் கிராம நர்ஸ் சந்திரவல்லிதான்; ஊர் அவளுடையது. பிள்ளை உண்டானால் மாமியாருக்கு முன் அவளிடம்தான் சொல்வார்கள்.

மறுநாள் விடியலில், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு நிற்கும் முக்குக்குப் போனாள். காய்ச்சல் இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டுத்தான் போனாள்.

சுஜாதா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஒடுங்கியிருந்தாள். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் அப்படியே.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சத்தம் போடாதீங்க நர்ஸம்மா. காச்சல்னா கங்காணி ஏத்த மாட்டான், எடத்துக்கு வேற ஆளு வந்துரும். மாத்திரை போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்குது."

"நீங்க நோட்டுல எழுதி மேல அனுப்பிருவீங்கள்ல, அதான் சொல்லல," என்று இன்னொருத்தி சிரித்தாள்.

தன்னிடம் மறைத்ததை, இவர்கள் முகம்கூட அறியாத பொற்கொடி கண்டுகொண்டிருக்கிறாள். காய்ச்சலைவிட அதுதான் சுட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். இவர்களும் வாழ்த்துவார்கள், பொற்கொடியின் முகமும் சுருங்கும். அந்த எண்ணம் இரக்கம் போலவே வேடமிட்டு வந்தது. சுஜாதாவின் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. அவள் தோளோடு தோளாக இன்னும் எத்தனையோ பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வெரசா வெலகுங்க நர்ஸம்மா, மலை மெட்டு ஏறணும்," என்றார் டிரைவர் வேலுச்சாமி.

"சாவியக் கொண்டாங்கண்ணே. வண்டி போகாது."

வண்டிக்குள் ஏச்சு கிளம்பியது. காதைப் பொத்திக்கொண்டு போன் போட்டாள்.

"ரத்தம் எடுக்க ஆள் அனுப்பு."

"நாந்தான் சொன்னேன்ல! எத்தனை பேருக்குக்கா?" பொற்கொடியின் குரல் துள்ளியது. அவள் சொன்னது தப்பாகியிருக்கக் கூடாதா என்று சந்திரவல்லியின் மனம் இன்னமும் கேட்டது.

"எறங்கு சுஜாதா. கங்காணிகிட்ட நான் பேசுறேன்."

"நீங்க பேசிக் கிழிச்சீங்க!"

சுஜாதா கையை உதறினாள். போடியில் உட்கார்ந்திருப்பவளின் கையை இப்படி உதற யாருமில்லை என்று நினைத்தபடி, சந்திரவல்லி அந்தக் கையை மறுபடி பிடித்தாள்.