சிமென்ட் வைத்த வெள்ளைக்கல்

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று மலாக்கி கவிகன் தன் மனைவி டிம்ப்னாவுக்கு வாக்குக் கொடுத்தபோது, அந்த இடம் அங்கேயே இருக்கும் என்றுதான் நம்பினார். ஐம்பத்திரண்டு வருடமாக இருந்த இடம், எங்கே போய்விடப் போகிறது?

டிம்ப்னா அத்தனை வருடமும் கேட்டதில்லை. இந்த இதயம் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்று கேட்டாள்.

"அவள எங்க வச்ச, மலாக்கி?"

அவர்களுக்குப் பிறந்து, அழாமலே போன பெண் குழந்தை. ஞானஸ்நானம் ஆகவில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று முள்மர வயலின் மூலை இருந்தது. தாய் போகக் கூடாது என்பது வழக்கம். மலாக்கி ஆரஞ்சுப் பழப் பெட்டியில் வைத்துத் தனியாகச் சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு, கடற்கரையிலிருந்து எடுத்துவந்த, குறுக்கே துருநிறக் கோடு ஓடிய ஒரு வெள்ளைக்கல்லை மேலே வைத்தார். அதுபோல நாற்பது கற்கள் அங்கே கிடந்தன. எதிலும் பெயரில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

ரெட்மண்டுக்கு மட்டும் தெரியாது. அவர் டப்ளினில் முப்பது வருடம் வங்கி மேலாளராக இருந்து, ஓய்வுபெற்ற மறுவாரமே ஐரிஷ்காரர் ஆனவர். அயர்லாந்தின் மேற்கே இந்த மேயோ கடற்கரையில் வீடு வாங்கிய கையோடு, ஊருக்குப் பாரம்பரியமே கிடையாது என்று கண்டுபிடித்து, பாரம்பரிய விழா ஒன்றை ஏற்பாடு செய்தார். காலையில் வரலாறு, மதியம் இசை, அதன்பின் கூடாரத்தில் சினிமா. வரலாற்றுக்காக, நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய பெரும் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு நினைவுச் சுவர் ஒன்று. சுவருக்குப் பக்கத்தில் பஞ்சகாலக் கஞ்சி, கிண்ணம் ஆறு யூரோ; வெண்ணெய் தடவிய ரொட்டி தனி.

குழுக் கூட்டத்தில் பிடில்காரர் என்ற முறையில் மலாக்கியும் உட்கார்ந்திருந்தார்.

"முள்மர வயல்லயே வச்சிடலாமா? யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார் ரெட்மண்ட்.

மதுக்கடை டூலி தன் பூட்ஸைப் பார்த்தான். "மூலையில கொஞ்சம் கல்லு கெடக்கு, சார்."

"கல்லா? பிரமாதம்! உள்ளூர்க் கல்லாச்சே!"

ஊர்க்காரன் எவனும் அந்த மூலையில் கை வைக்கமாட்டான் என்று மலாக்கி தனக்குள் சொல்லிக்கொண்டார். எல்லாரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார்.

பொக்லைன் ஓட்டியவன் வெளியூர்க்காரன்.

சனிக்கிழமை, டிம்ப்னாவின் சக்கர நாற்காலிக்கு வழி செய்யலாம் என்று அரிவாளோடு போன மலாக்கி, வழி ஏற்கெனவே போட்டிருப்பதைக் கண்டார். மூலை முழுக்கச் சரளை கொட்டி, வாகனம் நிறுத்தக் கோடும் கிழித்திருந்தார்கள். முள்மரத்தை மட்டும் தொடவில்லை. அது தேவதைகளின் மரம்; வெட்டினவன் குடும்பம் விளங்காது என்பது வெளியூர்க்காரனுக்கும் தெரியும்.

பக்கத்தில் எழுப்பியிருந்த நினைவுச் சுவரில், நெஞ்சு உயரத்தில், துருநிறக் கோட்டோடு அவருடைய கல் இருந்தது. பிடித்து இழுத்தார். அசையவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த ரெட்மண்ட் பக்கத்தில் வந்தார்.

"பழைய காலத்துச் சுவருக்கு சிமென்ட் எதுக்கு சார்?"

"இன்சூரன்ஸ்காரன் விடமாட்டேங்கிறான், மலாக்கி," என்றார் ரெட்மண்ட். "முன்னோர்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, பாருங்க."

"இந்தக் கல்லு எனக்கு வேணும்."

"ஞாபகார்த்தமாவா? மிச்சக் கல்ல உடைச்சுப் பையில போட்டு விக்கிறோமே! உங்களுக்குச் சும்மாவே தரச் சொல்றேன்."

சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான். ஐம்பத்திரண்டு வருடம் விழுங்கிய வாக்கியம்; வெளியே வரும் வழியை மறந்திருந்தது.

"சரி சார்," என்றார் மலாக்கி.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் ரெட்மண்ட் புது ட்வீட் கோட்டில் நின்று, நம் முன்னோரின் பேசப்படாத வலி பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கூட்டம் கஞ்சிக்கு நகர்ந்த பிறகு, மலாக்கி நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவந்தார்.

"இங்கயா?" என்றாள் டிம்ப்னா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"கல்லு இது. அவ... அந்த பஸ்ஸு நிக்குதே, அதுக்கு அடியில."

அந்தச் சுற்றுலா பஸ்ஸில் 'வேர்களைத் தேடி' என்று எழுதியிருந்தது. டிம்ப்னா வெகுநேரம் அதன் சக்கரத்தையே பார்த்தாள்.

"கூட்டத்துல நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"கை தூக்கினியா?"

"தூக்கினேன்."

அவள் தன் கையை அவர் பிடியிலிருந்து உருவி, கல்லின் மேல் வைத்தாள். ரெட்மண்டின் கைபேசி அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தது. அதைப் பிற்பாடு மாவட்டப் பத்திரிகையில் போட்டார்கள்: 'பாரம்பரியத்தில் நெகிழ்ந்த மூத்த தம்பதி.'

"மலாக்கி, ஒப்பாரிக்கு நேரமாச்சு!" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"போய் வாசி," என்றாள் டிம்ப்னா. "அந்த பஸ் நகர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

வாசித்தார். கைதட்டினார்கள். பிறகு கூடாரத்தில் படம் ஓடியது. அமெரிக்கக்காரன் அயர்லாந்துக்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிற படம். சிரிப்புச் சத்தம் சுவர் வரை கேட்டது. மலாக்கி அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றார். அவள் கூப்பிடவில்லை.

படம் முடிந்து பஸ் கிளம்பியது. டிம்ப்னா நாற்காலிச் சக்கரத்தைத் தானே அந்த இடத்தை நோக்கி உருட்டப் பார்த்தாள், சரளையில் சிக்கிக்கொண்டது. மலாக்கி ஓடிவந்து கைப்பிடியைப் பிடிப்பதற்குள், காலியான இடத்தில் ஒரு கார் வந்து நின்றது.