வாயைக் கட்டியவள்

ஜீவனஹள்ளியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பிய கையோடு மௌரீனின் கூடத்தில் வீணா என்கிற கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். உடம்புக்கு நல்ல சாப்பாட்டையே சாப்பிடுவதில் யாருக்கு எவ்வளவு மன உறுதி என்று கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போட்டு அளக்கிறார்களாம். அதை வைத்துச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சாயங்காலங்களில் இலவசப் பயிற்சி வகுப்பு. வீட்டுக்கு ஒருவருக்குத்தான் இடம், அதுவும் அதிக மதிப்பெண் எடுப்பவருக்கு. மௌரீனுக்கும் சர்க்கரை, அவள் கணவர் சிரிலுக்கும் சர்க்கரை. அவருக்கு இறங்கிவிட்டது, அவளுக்கு ஏறிக்கொண்டே போகிறது. அந்த இடம் தனக்கு வேண்டும் என்று மௌரீன் முடிவே செய்துவிட்டாள்.

சிரில் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆன்ட்டி, கல்யாண வீட்ல ஸ்வீட் வெச்சா வேணாம்னு சொல்லிடுவீங்களா?"

"அஞ்சு போடு. தட்டுல விழறதுக்கு முன்னாடியே தடுத்துருவேன்."

"டயர்டா இருந்தாலும் காய், கீரையெல்லாம் விடமாட்டீங்களா?"

"ஜுரத்துல கூட விட்டதில்லம்மா. கீரை ஆய்ஞ்சு, சப்பாத்தி போட்டு, டைமுக்கு டேபிளுக்கு வந்துரும்."

"நேத்து நைட்டும் அதான் சாப்ட்டீங்களா?"

"அது அவருக்கு. நான் மீந்த சோத்தப் போட்டுக்கிட்டேன். கொட்டவா முடியும்?"

வீணாவின் பேனா நின்றது. அத்தனை பதிலும் சிரிலைப் பற்றியவை. "உங்களப் பத்திச் சொல்லணும் ஆன்ட்டி" என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து கேட்டாள். இம்முறை ஒன்றும் இரண்டுமாகத்தான் விழுந்தன.

சிரில் சிரித்தார். "அவளுக்கு வாயக் கட்டத் தெரியாதும்மா."

மௌரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதரின் வாயைக் கட்டியது யார்? இவருக்கு பன் விற்காதே என்று பேக்கரிக்காரனிடம் சண்டை போட்டது யார்? பாடு அவளுடையது, மார்க்கு இவருக்கா?

"மொதல்ல போட்டதையே போடும்மா" என்றாள். "அந்தப் பிடிவாதம் பூரா என்னுது. இவ்ளோ நாள் அவருக்குன்னு செஞ்சேன், இனிமே எனக்குன்னு செய்வேன்."

"ரூல்ஸ் அப்படி இல்ல ஆன்ட்டி..."

"அப்போ அவரு ஒரு நாள் தானே கீரை ஆய்ஞ்சு சமைச்சுத் தின்னட்டும். அப்புறம் அவருக்கு அஞ்சு போடு."

வீணா திரும்பினாள். "செய்வீங்களா அங்கிள்?"

"கீரையா? அதெல்லாம் அவதானே செய்வா" என்றார் சிரில்.

"அப்போ அந்த அஞ்சு ஆன்ட்டியோடதுதான்" என்றாள் வீணா. பிறகு பயிற்சிக்கான இடத்தில் மௌரீனின் பெயரை எழுதினாள்.

"கிளாஸ் சாயங்காலம் ஆச்சே, அன்னிக்கு நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார் சிரில்.

"பசிச்சா தானா தெரியும்" என்று சொல்லிவிட்டு, மௌரீன் பேனாவை வாங்கி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.