அலமுவின் எண் பதினேழு

அலமுவின் பிடிவாதம் காட்டிலாகாவில் பிரசித்தம். பிடிவாதம் மட்டும் இருந்தால் பரவாயில்லை, வாயும் இருந்தது. அந்தமானில், டாலிகஞ்ச் வீட்டில் அடுப்பெரிவது அவள் ஃபாரஸ்ட் கார்டு வேலைச் சம்பளத்தில்தான். இருந்தும் அந்த வாய் அடங்கியதே இல்லை.

எந்த மரத்தை வெட்டலாம் என்று பார்த்து, அடிமரத்தில் முத்திரைச் சுத்தியால் ஓர் அடி அடிப்பது அவள் வேலை. சுத்தியின் முகத்தில் அவள் எண் பதினேழு. அந்த எண் விழாத மரத்தில் ரம்பம் வைத்தால் அது திருட்டு.

இந்த வருஷ வெட்டுக்கு ஒதுக்கிய கூப்பில் நாற்பது படாக் மரங்களை அவள் அடிக்காமல் விட்டிருந்தாள். எல்லாம் விதை மரங்கள். ரேஞ்சர் சந்திரசேகர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எல்லாத்தையும் அடிச்சு விடும்மா, ஜல்தி. பத்து நாள்ல மழை வந்துரும், அப்புறம் லாரி ஏறாது. மொத்தமா வெட்டிட்டு நட்டுக்கலாம்."

"போன வருஷம் நட்ட கன்னு எங்க சாப்? மான் மேஞ்சிட்டுப் போயிருச்சு. தாய்மரம் நின்னாத்தான் காடு. இதுக்கு ஆர்டர் எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னாப் பத்தாதா? உனக்கு முடியலன்னா சுத்திய சுதாகர்கிட்ட குடு."

சுதாகர் வெட்டுக்கூட்டத்து மேஸ்திரி. அவன் கையை நீட்டிக்கொண்டே வந்தான்.

"அடி அவனோடது, எண் என்னோடதா? நல்லா இருக்கே நியாயம்!"

அலமு விறுவிறுவென்று ஓடைக்கரைக்கு நடந்தாள். 'முதலை ஜாக்கிரதை' என்ற மஞ்சள் பலகையைத் தாண்டி, சுத்தியை ஓங்கி வீசினாள். ஓடையின் நடுவில் தொபுக்கென்று விழுந்தது. சுதாகர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"பாகல் ஆயிட்டியா நீ? பைத்தியமா?" பின்னால் ஓடி வந்த ரேஞ்சருக்கு மூச்சு வாங்கியது.

"இறங்கி எடுத்துக்கோங்க சாப். இல்லன்னா புதுச் சுத்தி மெயின்லேண்ட்லருந்து கப்பல்ல வரணும். அதுவரைக்கும் இந்தக் கூப்புல அடி விழாத ஒரு மரமும் வெட்டக்கூடாது. நம்ம ரூலுதான்."

அவர் வானத்தைப் பார்த்தார். தெற்கே மேகம் கட்டியிருந்தது. குரல் இறங்கிவிட்டது.

"சரி, தவறி விழுந்துச்சுன்னு எழுதிக் குடு. உன் வேலையாவது மிஞ்சும்."

ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்து அவள் எழுதினாள். ரேஞ்சர் எட்டிப் படித்தார்: 'சுத்தி தவறி விழவில்லை. விதை மரங்களை அடிக்க மனமில்லாமல் நானே எறிந்தேன்.'

"மாத்தி எழுதும்மா," என்றார், கெஞ்சாத குறையாக.

அலமு கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, அடிமரத்தில் அடிப்பது போல அழுத்தி, பதினேழு என்று எழுதினாள்.